நல்ல பாட்டு நிலையம் எது?



தஞ்சோங் ரம்புத்தானில் எங்கள் பள்ளியின் பெயரில் இன்றும் ‘தோட்டம்’ என்ற சொல் இருக்கிறது. பெயரில்தான் இருக்கிறது. பால்மரங்கள் நின்ற மேட்டில் பாதி செம்பனையாகிவிட்டது. மீதி வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. ஆயினும் எங்களிடம் படிக்கும் பிள்ளைகளின் தாத்தா பாட்டிமார் பெரும்பாலும் பால் வெட்டிப் பிழைத்தவர்கள்தாம். சென்ற தவணையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, அப்படி ஒரு பாட்டியும் அவருடைய பேரனும் ஒரு வழக்கோடு என்னிடம் வந்தார்கள்.

பேரன் ஐந்தாம் ஆண்டு மாணவன். “கார்ல ஏறினா போதும் டீச்சர், பாட்டி ஸ்டேஷனை மாத்தச் சொல்லுது” என்றான். பாட்டியோ, “டம்மு டம்முன்னு அடிக்கிறானுங்க டீச்சர். பாடுறவன் என்னா சொல்றான்னே வெளங்கல. பாட்டு முடிஞ்சா யாரு பாடுனான்னு ஒரு வார்த்தை சொல்றானுங்களா?” என்றார். பையனின் அப்பா சிரித்துக்கொண்டே, “நீங்களே சொல்லிடுங்க டீச்சர். எந்த ரேடியோ நல்ல ரேடியோ?” என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வியும், யார் பாடியது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்ற பாட்டியின் குறையும் என்னை விடவில்லை. ஒரு பாட்டு நிலையத்தை நல்ல நிலையம் என்று எதைக்கொண்டு சொல்வது? புதுப் பாட்டு நிறையப் போடுவதாலா? பழைய பாட்டை விடாமல் வைத்திருப்பதாலா? இந்த வழக்குக்கு இன்று பதில் சொல்லப் பார்க்கிறேன்.

என் தாத்தாவின் காலத்தில் எங்கள் லயத்தில் ஒரே ஒரு வானொலிப் பெட்டிதான் இருந்ததாம். அதுவும் கங்காணி வீட்டில். கூரையிலிருந்து முற்றத்து ஜம்பு மரம்வரை ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கம்பிதான் காற்றில் வரும் அலைகளைப் பிடித்துப் பெட்டிக்குள் அனுப்பும். மாலையில் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த ஆட்கள் கங்காணி வீட்டு வாசலில் குந்தியிருப்பார்கள். முள்ளைத் திருப்பத் திருப்பச் சீழ்க்கையும் இரைச்சலும் வரும். பிறகு திடீரென்று ஒரு குரல், கொழும்பிலிருந்து தமிழில் பேசும்.

கொழும்புக்கும் நமது ஈப்போ வட்டாரத்துக்கும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். நடுவில் வங்காள விரிகுடா. அவ்வளவு தூரத்தை அந்தக் குரல் எப்படிக் கடந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சிற்றலை என்று ஒரு வகை வானொலி அலை உண்டு. அது வானத்தை நோக்கிப் போய், நூறு கிலோமீட்டருக்கும் மேலே உள்ள அயனி மண்டலம் என்னும் அடுக்கில் பட்டு, பந்து சுவரில் பட்டுத் திரும்புவதுபோல் மீண்டும் பூமிக்கு வளைந்து வரும். அந்த அடுக்கு வெயிலுக்கும் இருட்டுக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருப்பதால்தான் குரல் ஏறும், இறங்கும், சில சமயம் காணாமற்போகும். இன்று நாம் கேட்கும் பண்பலை அப்படியல்ல. அது ஏறத்தாழ வெளிச்சத்தைப்போல் நேராகப் போவது. மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். ஈப்போவுக்கு அருகில் கிளேடாங் மலையின் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்களை நட்டு வைத்திருப்பது அதனால்தான்.

இலங்கை வானொலியின் கதை 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் தொடங்குகிறது. ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயர் 1949இல் வந்தது. அடுத்த ஆண்டே வர்த்தக சேவை, அதாவது விளம்பரம் வாங்கிப் பாட்டுப் போடும் சேவை, ஆரம்பமாயிற்று. அதே காலத்தில் இந்தியாவில் என்ன நடந்தது தெரியுமா? 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் என்பவருக்குச் சினிமாப் பாட்டென்றால் பிடிக்காது. அது ரசனையைக் கெடுக்கும் என்பது அவருடைய கருத்து. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அருகிப்போயிற்று. மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிக்கொண்டார்கள்! 1957 அக்டோபரில் விவித பாரதி என்று பாட்டுக்கென்றே ஒரு சேவையை டில்லியும் தொடங்க வேண்டியதாயிற்று. ஜனங்களின் காதுக்கு வாத்தியார் வேலை பார்க்கப் போனால் இப்படித்தான் ஆகும். நானும் வாத்தியார் வேலை பார்ப்பவள்தான், ஆகவே எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் சினிமாப் பாட்டுப் போட்டதனால் மட்டும் இலங்கை வானொலி நல்ல நிலையமாகிவிடவில்லை. அதே இசைத்தட்டுகள் மற்றவர்களிடமும் இருந்தன. அங்கே இருந்தது அறிவிப்பாளர். எஸ். பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது என்று வரிசையாகச் சொல்லலாம். மயில்வாகனம் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப்போல் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாராம். கே. எஸ். ராஜாவின் பேச்சு ஓடும் குதிரை. அப்துல் ஹமீதின் தமிழில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை எத்தனையோ ஊர்களில் மேடை போட்டு நடத்தியவர் அவர். ‘பொங்கும் பூம்புனல்’ என்று காலை நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்தார்களே, அந்தப் பெயரே ஒரு பாட்டுப்போல் இல்லையா?

பாட்டு ஒலிப்பதற்கு முன்னாலோ பின்னாலோ, படம் இது, எழுதியவர் இவர், இசையமைத்தவர் இவர், பாடியவர்கள் இன்னார் என்று சொல்வார்கள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்திராத என் தாத்தாவுக்குக் கண்ணதாசனின் பாட்டு எது, பட்டுக்கோட்டையின் பாட்டு எது என்று பிரித்துச் சொல்லத் தெரியும். யார் கற்றுக்கொடுத்தார்கள்? அந்தப் பெட்டிதான். பாட்டுக்குப் பின்னால் உழைத்த ஆட்களின் பெயரைச் சொல்வது ஒரு மரியாதை. அதைக் கேட்கிறவனுக்கும் அது மரியாதைதான். உனக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்று நினைத்துச் சொல்கிறார்கள் அல்லவா?

பிறகு, கேட்கிறவர்களின் பெயர். கடிதம் எழுதிக் கேட்டவர்களின் பெயரை ஊரோடு சேர்த்து வாசிப்பார்கள். விளம்பரமும் ஏராளமாக வரும். சோப்பும் தைலமும் விற்பார்கள். அதை நம் ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அந்த நாளில் கொழும்புக்கும் நமக்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம். 1982 ஜனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிய பிறகு அது இரண்டரை மணியாயிற்று. கொழும்பில் விடிந்து ஆறு மணிக்குப் பாட்டுப் போட்டால் நமக்கு எட்டு மணி. எட்டு மணிக்கு நம் ஆட்கள் எங்கே இருப்பார்கள்? காட்டில், நிரையில், பாதி மரம் வெட்டி முடித்திருப்பார்கள். பால் குளிர்ந்த வேளையில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் சீக்கிரம் உறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டிய வேலை நம்முடையது. கொழும்பு எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அது நம் பொழுதை அறிந்து பேசிய நிலையமல்ல.

நம் பொழுதை அறிந்த நிலையம் நம் நாட்டில்தான் இருந்தது. 1946 ஏப்ரல் முதல் நாள் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ரேடியோ மலாயா தொடங்கிற்று. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பு. அவசரகாலத்தில் அரசாங்கம் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொது வானொலிப் பெட்டிகளைக் கொடுத்தது. சர்க்கார் சொல்வதை ஜனங்கள் கேட்க வேண்டும் என்பது நோக்கம். ஜனங்கள் பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். 1959இல் தலைமையகம் கோலாலம்பூருக்கு மாறிற்று. பிற்பாடு தமிழ்ப் பிரிவுக்கு ‘சிவப்பு அலைவரிசை’ என்று பெயர். அதன் பிறகு வானொலி 6. 2005ஆம் ஆண்டிலிருந்து மின்னல் எஃப். எம். உங்கள் வீட்டில் இன்னும் யாராவது ‘ஆறு’ என்று சொன்னால் அவருக்கு நாற்பது வயதாவது ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நானும் ‘ஆறு’ என்றுதான் சொல்கிறேன்.

அந்த ஆறாம் அலைவரிசைக்கு நான் ஒரு முறை அஞ்சலட்டை எழுதினேன். 1990ஆம் ஆண்டு, ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைக் கேட்டு, அம்மா பெயர், அப்பா பெயர், தம்பி தங்கை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அத்தை என்று லயத்தில் பாதிப் பேரை அந்தச் சின்ன அட்டைக்குள் நெருக்கி எழுதினேன். வாரக்கணக்காகக் காத்திருந்தோம். ஒரு நாள் காலையில், பள்ளி விடுமுறை, பெயர்கள் வந்துவிட்டன! எங்கள் தோட்டத்தின் பெயர் கோலாலம்பூரிலிருந்து ஒலிக்கிறது! நான் கத்திய கத்தில் ஆயாக்கொட்டகையில் தூங்கிய பிள்ளைகள் எழுந்துவிட்டன. ஆனால் யாருக்காகக் கேட்டேனோ அந்த அம்மா அங்கே இல்லை. பால் எடுக்கப் போயிருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குமேல் ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு அவர் வருவதற்குள் வழியிலேயே பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். “எம் பேரை எப்படிச் சொன்னாங்க? கூடவே ‘அம்மா’ன்னு சேத்துச் சொன்னாங்களா?” என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன். அன்று முழுதும் அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது அவர் பெயரைப் பல வருடங்களாக ஒருவர் கூப்பிட்டுத்தான் வந்தார். அதில் ‘அம்மா’ இருந்ததில்லை.

இப்போது கொஞ்சம் தூரம் போவோம். அமெரிக்காவில் ‘கன்ட்ரி மியூசிக்’ என்று ஒரு பாட்டு வகை உண்டு. நாட்டுப்புறத்துக் குடியானவர்கள், சுரங்கத் தொழிலாளிகள், ரயில் பாதை போட்டவர்கள், பருத்தி எடுத்தவர்கள் இவர்களுடைய பாட்டிலிருந்து வளர்ந்தது. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் ஓர் ஆயுள் காப்புறுதிக் கம்பெனி 1925 அக்டோபரில் டபிள்யூ. எஸ். எம். என்னும் வானொலி நிலையத்தைத் தொடங்கிற்று. கோடிக்கணக்கில் காசு புரளும் கம்பெனிக்காரர்கள். உயர்ந்த சங்கீதம் போட்டு நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்தவர்கள். நவம்பர் 28ஆம் தேதி இரவு ஜார்ஜ் ஹே என்னும் அறிவிப்பாளர், ஜிம்மி தாம்சன் என்ற 77 வயதுக் கிழவரை ஒலிவாங்கியின் முன்னால் உட்கார வைத்துக் கிராமத்துப் பிடில் வாசிக்கச் சொன்னார். நேயர்களிடமிருந்து பாராட்டுகள் வந்து குவிந்தன. பட்டணத்துக் கனவான்களில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் சனிக்கிழமைதோறும் அந்த நிகழ்ச்சி நின்றுவிட்டது; 1927இல் அதற்கு ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். ‘கிராண்ட் ஆப்ரா’ என்னும் உயர்ந்த சங்கீதத்தைக் கேலி செய்யும் பெயர் அது. 2025 நவம்பரில் நூறு ஆண்டுகள் நிறைந்துவிட்டன, இன்னும் நடக்கிறது.

அந்தப் பெயர் பிறந்த கதையில் இன்னொருவர் இருக்கிறார். டீஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின இளைஞர். அடிமையாக இருந்தவரின் பேரன். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து உடல் வளர்ச்சி குன்றியவர். வாயில் வைத்து ஊதும் மவுத் ஆர்கனில் ஓர் எக்ஸ்பிரஸ் ரயில் வருவதை அப்படியே ஊதிக்காட்டுவார். தஞ்சோங் ரம்புத்தான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளும் வாயாலேயே ரயில் விடுவார்கள் அல்லவா? அப்படி. அவர் ஊதி முடித்ததும்தான் ஹே அந்தப் பெயரைச் சொன்னாராம். டீஃபோர்ட் பெய்லி ஊர் ஊராகப் புகழ் பெற்றார். ஆயினும் 1941இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பின்னர் அவர் சப்பாத்துத் துடைக்கும் கடை வைத்துப் பிழைத்தார். 2005இல், அவர் இறந்து இருபது வருடங்களுக்குமேல் ஆன பிறகு, அந்த இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். நல்ல நிலையத்தைப்பற்றிப் பேசும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும். உழைக்கிறவனின் பாட்டுக்குக் கதவைத் திறந்த அதே நிலையம், உழைத்த ஒருவரை வெளியேயும் அனுப்பிற்று.

தமிழ்நாட்டில் திருச்சி வானொலி 1939இல் வந்தது; சென்னை அதற்கு ஓராண்டு முந்தியது. தஞ்சாவூர் விவசாயிகள் 1960களில் ஏ. டி. டி. 27 என்ற புதிய நெல்லை வானொலியில் கேட்டுப் பயிரிட்டு, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த அளவுக்கு நம்பினார்கள். அதே ஆல் இந்தியா ரேடியோவில் வில்லுப்பாட்டுக்கும் நாட்டுப்பாடலுக்கும் இடம் இருந்தது. வில்லிசையில் சுப்பு ஆறுமுகத்தைக் கேட்டிருப்பீர்கள். கொல்லங்குடி கருப்பாயி என்ற அம்மாள், ‘ஆண் பாவம்’ படத்தில் 1985இல் நடித்தவர், அதற்கு முன்பே வானொலியில் நாட்டுப்பாடல் பாடியவர். களையெடுப்பிலும் கல்யாண வீட்டிலும் பாடிய அதே பாட்டு, அதே குரல். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவருடைய கணவரும் கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டுப் பதிவு செய்த பாட்டுகளை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுவந்தார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கருப்பாயி அம்மாளின் குரலை வானொலியில் கேட்ட ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு என்ன தோன்றியிருக்கும்? அட, இது நம்ம பாட்டல்லவா, நம்ம வாயில் வருவதும் பாட்டுத்தான் போலிருக்கிறதே என்று தோன்றியிருக்கும்.

எங்கள் வீட்டில் அது தோன்றவில்லை. அதற்கு நிலையத்தைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்டதெல்லாம் சினிமாப் பாட்டுத்தானே? கேட்டதைக் கொடுத்தார்கள்.

என் அம்மா பாடுவார். தாலாட்டுப் பாடுவார், ஒப்பாரி பாடுவார், நிரை பிடித்து வெட்டும்போது அடுத்த நிரைக்காரிக்குக் கேட்கும்படி கேலிப் பாட்டுப் பாடுவார். தாலாட்டில் தாய்மாமன்மார் ஒவ்வொருவராகச் சீர் கொண்டு வருவார்கள். அந்தச் சீர் வரிசையில் கப்பல் வரும், பினாங்கு வரும், கங்காணி வருவார், பிள்ளையின் தொட்டில் கட்டிய பால்மரமே வரும். தம்பி பிறந்தபோது பாடியதும் தங்கை பிறந்தபோது பாடியதும் ஒன்றாக இருக்காது. அந்தந்த வருடத்துத் துயரமும் சந்தோஷமும் உள்ளே புகுந்துகொள்ளும். 1988இல் சிங்கப்பூரில் வேலை செய்த சித்தப்பா ஒரு ஒலிப்பதிவுப் பெட்டி வாங்கிவந்தார். அவருடைய பிள்ளையைத் தாலாட்டும்போது அம்மா பாடியதை ஒரு கேசட்டில் பதிவு செய்தார். ஒரு பக்கம் முழுவதும், ஏறத்தாழ அரை மணி நேரம். பிறகு கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துப் போட்டார். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. விவரம் தெரிந்த மனிதர்.

எனக்கும் விவரம் தெரியும். உடைத்த ஓட்டையின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டினால் மறுபடியும் பதிவு செய்யலாம். 1995இல், எனக்குப் பதினாறு வயது, ஞாயிற்றுக்கிழமை வானொலியில் புதுப் படப் பாட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கைவசம் வெறுங்கேசட் இல்லை. ஒட்டுத்தாளை ஒட்டினேன். அரை மணி நேரம் பாட்டுகளைப் பிடித்தேன். நடுவில் ஒரு தலைவலித் தைல விளம்பரமும் விழுந்தது. அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “அது கெடக்குது விடு. நான் என்ன செத்தா போயிட்டேன்? இன்னொரு நாளு பாடித் தர்றேன்” என்றார். பதினான்கு வருடம் இருந்தார். நான் கேட்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன், அங்கே நாட்டார் பாடலைப்பற்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன், அப்போதும் கேட்கவில்லை. 2009இல் அம்மா காலமானார். அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது. தைல விளம்பரம் தெளிவாகக் கேட்கிறது.

நேயர்களே, இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து மக்களின் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூல் அவர் மறைந்த பிறகு 1987இல் வெளிவந்தது. நம் நாட்டிலும் முத்தம்மாள் பழனிசாமியைப் போன்றவர்கள் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்திருக்கிறார்கள். புத்தகத்தில் சொல் நிற்கும். இழுத்து நிறுத்தும் இடம், மூச்சு வாங்கும் இடம், பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்த்துக் குரலைத் தணிக்கும் இடம் நிற்காது. அதைக் குரல்தான் வைத்திருக்க முடியும். 1995இல் எனக்குக் கிடைக்காத வெறுங்கேசட் இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. கைப்பேசியைத்தான் சொல்கிறேன்.

ஆகவே பாட்டியின் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வதற்குப் பதிலாக, ஒரு சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கே போனேன். “பாட்டி, நீங்க ஒரு தாலாட்டுப் பாடுங்க” என்றேன். அவருக்குச் சிரிப்பு. “இதெல்லாம் பாட்டா டீச்சர்? பாட்டுன்னா ரேடியோவுல வரணும்” என்றார். இந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. அறுபது வருடமாக வானொலி கேட்டவர். நல்ல பாட்டு எது என்று அவருக்குத் தெரியும். மோசமான அறிவிப்பாளரை உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் தன் வாயில் இருப்பது பாட்டு என்று அவருக்கு ஒரு நிலையமும் சொல்லவில்லை, ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை.

பேரனைப் பதிவு செய்யச் சொன்னேன். எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். மின்விசிறியை நிறுத்தினோம், இல்லாவிட்டால் காற்றுச் சத்தம் பாட்டைத் தின்றுவிடும். கைப்பேசியில் அழைப்பு வராதபடி தொடர்பைத் துண்டித்தோம். மேசைமேல் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் கைப்பேசியைப் பாட்டியின் முகத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் வைத்தோம். மடியில் ஒரு தலையணையைக் கொடுத்தோம். பாட்டி அதைப் பிள்ளைபோல் ஆட்டிக்கொண்டதும் குரல் தானாக வந்துவிட்டது. எழுபத்தெட்டு வயதுக் குரல். இரண்டு இடத்தில் அடி மறந்து நின்றார். நாங்கள் வாய் திறக்கவில்லை. மறந்தது மூன்றாவது சுற்றில் தானே வந்தது. பேரன் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டில் வரும் தாய்மாமன்களில் ஒருவரின் பெயர்தான் அவனுடைய பெயரென்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முடிந்ததும் பாட்டிக்குப் போட்டுக் காட்டினோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்பார் என்று நினைத்தேன்.

“எம் பேரைச் சொல்லலியே?” என்றார்.

நியாயம்தானே. யார் பாடியது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மறுபடியும் தொடக்கத்திலிருந்து பதிவு செய்தோம். இந்த முறை பேரன்தான் அறிவிப்பாளர். தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடுபவர் இன்னார் என்று பாட்டியின் பெயரைச் சொன்னான். எந்தத் தோட்டத்தில், எத்தனை வருடம் பால் வெட்டினார் என்று சொன்னான். இந்தத் தாலாட்டை அவர் யாரிடம் கேட்டுக் கற்றார், எந்தப் பிள்ளைக்காக முதன்முதலில் பாடினார் என்றும் சொன்னான். பாட்டி கையை நீட்டி அவனைத் தடுத்து, “பேருக்குப் பின்னால ‘அம்மா’ன்னு சேத்துச் சொல்லுடா” என்றார். சேர்த்துச் சொன்னான். பிறகு பாட்டி தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.